அமெரிக்காவில் திருமண வழி வசிப்புரிமை: கூட்டுக் கையெழுத்தின் சட்டமும் வரலாறும்

அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து அந்நாட்டில் வாழ வருகிறவருக்குக் கிடைக்கும் கிரீன் கார்டு இரண்டு வகைப்படும். வசிப்புரிமை கைக்கு வரும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு நிறைந்திருந்தால் பத்தாண்டுக்குச் செல்லும் அட்டை தரப்படும். நிறையாவிட்டால் இரண்டே ஆண்டுக்குச் செல்லும் அட்டை. இந்த இரண்டாண்டு அட்டை பெற்றவரை அமெரிக்கச் சட்டம் 'நிபந்தனைக்குட்பட்ட நிரந்தர வசிப்பாளர்' என்று குறிக்கிறது. விசா பெற்று வெளிநாட்டிலிருந்து வந்திறங்கியவராயின் அட்டையில் சிஆர்1 என்ற குறியீடு இருக்கும். உள்நாட்டில் இருந்தபடியே நிலை மாற்றம் பெற்றவராயின் சிஆர்6. நிச்சயித்தவரை மணப்பதற்கான கே-1 விசாவில் வருகிறவர் 90 நாளுக்குள் மணம் முடித்தாக வேண்டும். ஆகவே அவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாண்டு வழியாகத்தான் போகிறார்கள்.

நாள் கணக்கில் பலர் தடுமாறுவதுண்டு. மனுப் போட்ட நாளும் விசா கிடைத்த நாளும் கணக்கில் வருவதில்லை. விசாவில் வருகிறவருக்கு அமெரிக்க மண்ணில் நுழைவு அனுமதி கிடைத்த நாள்தான் அளவுகோல். 2022 செப்டம்பர் 5 அன்று மணமுடித்த ஒருவர் 2024 ஆகஸ்ட் 20 அன்று வந்திறங்கினால் அவருக்கு நிபந்தனை உண்டு. அதே விசாவுடன் செப்டம்பர் 10 அன்று இறங்கினால் இல்லை. திருமண நாள் எது என்பதை மணம் நடந்த ஊரின் சட்டமே தீர்மானிக்கிறது. நிச்சயதார்த்தம் கணக்கில் சேராது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம் என்பதால், பதிவுச் சான்றிதழில் உள்ள திருமணத் தேதியே பொதுவாக அமெரிக்க அதிகாரியின் கண்ணில் படும். விசா விரைவாகக் கிடைக்கட்டும் என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் முதலில் மணமுடித்து, மண்டபக் கல்யாணத்தைப் பிறகு வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் எல்லா இடத்திலும் ஒரே தேதியை எழுதுவது முக்கியம்.

நிபந்தனை வசிப்பாளரின் உரிமைகள் எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல. அவர் வேலை பார்க்கலாம், தொழில் தொடங்கலாம், வெளிநாடு போய்வரலாம், படிக்கலாம். அவர் வசிக்கும் ஒவ்வொரு நாளும் பிற்காலக் குடியுரிமைக் கணக்கில் சேர்கிறது. வேறுபாடு ஒன்றுதான்: இரண்டாண்டு முடியும் தறுவாயில் அவர் ஒரு மனுவைத் தர வேண்டும். தராவிட்டால் இரண்டாம் ஆண்டு நிறைவு நாளிலேயே வசிப்புரிமை தானாக முடிந்துபோகும்.

இந்த ஏற்பாடு 1986இல் வந்தது. அதற்கு முன்பும் போலித் திருமணம் குற்றமாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், படையினரின் துணைவர்களை அழைத்துவர உதவும் 1945ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பயன்படுத்தி, முன்னாள் படையினரைப் பெயருக்கு மணந்து நாட்டுக்குள் வந்த ஒரு வழக்கில், அதற்கான சதிக் குற்றத் தண்டனையை உச்ச நீதிமன்றம் 1953இல் உறுதிசெய்தது. லுட்வாக் வழக்கு என்று அது அறியப்படுகிறது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் நாடுவாரியான பழைய ஒதுக்கீட்டு முறையை ஒழித்தது. குடிமக்களின் துணைவர்கள் எண்ணிக்கை வரம்பு ஏதுமின்றி வர முடிந்ததால், வேறு வழி இல்லாதவர்களுக்குத் திருமணம் ஒரு வாசலாகத் தெரியும் என்ற சந்தேகம் அரசுக்கு வலுத்தது.

எது உண்மைத் திருமணம் என்ற கேள்விக்கு நீதிமன்றங்கள் முன்பே விடை கண்டிருந்தன. 1975ஆம் ஆண்டின் பார்க் வழக்கில் ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது தெளிவானது. மணமுடித்த வேளையில் இருவரும் சேர்ந்து வாழும் எண்ணம் கொண்டிருந்தார்களா என்பதே கேள்வி. பின்னர் பிரிந்துவிட்டார்கள் என்பதை மட்டும் வைத்து மணம் போலியாகிவிடாது. குடிமக்களின் திருமணங்களைவிட வழமைக்கு இசைந்த, வெற்றிகரமான திருமணத்தை வெளிநாட்டவரிடம் எதிர்பார்க்க முடியாது என்ற கருத்தையும் அத்தீர்ப்பு பதிவுசெய்தது. இந்த அளவுகோல் இன்றும் மாறவில்லை. பிற்காலச் சட்டங்களை மதிப்பிட இதுவே சரியான உரைகல்.

1985இல் செனட் துணைக்குழுவின் முன் சாட்சியம் அளித்த குடியேற்றத் துறை ஆணையர் ஆலன் நெல்சன், திருமண வழி வரும் மனுக்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு சந்தேகத்துக்குரியவை என்றார். சட்டத்தின் கடுமைக்கு அடிப்படையாக நின்றது இந்த எண். அதன் பின்னால் இருந்த கணக்கெடுப்பு, சந்தேகப்பட்டவற்றையும் நிரூபிக்கப்பட்டவற்றையும் பிரித்துப் பார்க்காத, புள்ளியியல் நோக்கில் பலவீனமான ஒன்று என்பது பிற்பாடு வெளிப்பட்டது. அதற்குள் சட்டம் நிறைவேறிவிட்டது. 1986 நவம்பர் 10 அன்று அதிபர் ரீகன் கையெழுத்திட்ட 'குடியேற்றத் திருமண மோசடித் திருத்தங்கள்' குடியேற்ற, தேசியச் சட்டத்தில் 216ஆம் பிரிவைச் சேர்த்தன.

அந்தப் பிரிவின் அச்சாணி கூட்டு மனு. நிபந்தனையை நீக்கக் கோரும் மனுவில் வெளிநாட்டவரும், அவரை அழைத்து வந்த துணைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அழைக்கப்பட்டால் நேர்காணலுக்கும் சேர்ந்தே வர வேண்டும். சட்டமியற்றியவர்களின் நோக்கில் இது எளிய சோதனை. பணம் வாங்கிக்கொண்டு பெயருக்கு மணந்தவர் இரண்டு ஆண்டு கழித்துத் திரும்ப வந்து கையெழுத்திட மாட்டார் என்று அவர்கள் நம்பினார்கள். ஆனால் அந்தக் கையெழுத்தை மறுக்கும் அதிகாரம் நல்ல கணவனுக்கும் கெட்ட கணவனுக்கும் ஒன்றுபோலவே வந்து சேர்ந்தது. அடிக்கிற கணவன், 'கையெழுத்துப் போட மாட்டேன், ஊருக்கு அனுப்பிவிடுவேன்' என்ற ஒரே வாக்கியத்தால் மனைவியை வாய்மூட வைக்க முடிந்தது. மனைவியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கும் கணவர்களும் உண்டு. எனினும் துன்பப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

1986ஆம் ஆண்டின் மூலச் சட்டத்தில் தனியாக மனுப் போட இரண்டே வழிகள் இருந்தன. நாட்டை விட்டு அனுப்பினால் மிகக் கடுமையான இன்னல் நேரும் என்று காட்டுவது ஒன்று. மற்றது விவாகரத்து வழி. நல்ல நோக்கத்தோடு மணந்து, தக்க காரணத்தின் பேரில் தானே திருமணத்தை முறித்துக்கொண்டவர் என்று வெளிநாட்டவர் காட்ட வேண்டும். 'தானே' என்ற அந்தச் சொல்லால், கணவன் முந்திக்கொண்டு விவாகரத்து வழக்குப் போட்டாலே மனைவியின் வழி அடைந்துபோனது. வன்முறை என்ற சொல்லே சட்டத்தில் இல்லை.

அடுத்த பத்தாண்டுகளில் நாடாளுமன்றம் தன் தவறைப் படிப்படியாகத் திருத்தியது. 1990 நவம்பர் 29 அன்று வந்த குடியேற்றச் சட்டம், மணத்தை முறித்தவர் யார் என்ற கேள்வியை நீக்கி, அடி உதைக்கோ கடுங்கொடுமைக்கோ ஆளானவர் தனியாக மனுத் தரலாம் என்ற புதிய விலக்கைச் சேர்த்தது. ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகள், உடல் காயமில்லாத கொடுமையை மெய்ப்பிக்க மனநல வல்லுநரின் மதிப்பீட்டைக் கட்டாயமாக்கின. மொழி தெரியாத, கையில் காசில்லாத பெண் அந்த மதிப்பீட்டுக்கு எங்கே போவாள்? 1994இன் பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டம் நம்பத்தகுந்த எந்தச் சான்றையும் பரிசீலிக்க வேண்டும் என்று சொல்லி அந்தச் சுவரை உடைத்தது. 1996இல் இன்னொரு காவல் வந்தது: கொடுமை செய்தவர் தரும் தகவலை மட்டும் வைத்துப் பாதிக்கப்பட்டவருக்கு எதிராக முடிவெடுக்கக் கூடாது; அவர் மனுப் போட்டிருக்கிறார் என்ற செய்தியையும் வெளியே சொல்லக் கூடாது. கணவனிடமிருந்து ஒளிந்து வாழும் பெண்ணுக்கு இந்த இரகசியக் காப்பு பெரிய துணை.

ஆக, இன்று தனி மனுவுக்குள்ள வழிகள் இவை: துணைவர் இறந்துபோதல், நல்ல நோக்கத்தோடு செய்த மணம் விவாகரத்திலோ செல்லாமையிலோ முடிதல், துணைவரின் வன்முறை அல்லது கடுங்கொடுமை, நிபந்தனைக் காலத்தில் எழுந்த சூழ்நிலைகளால் வரும் மிகக் கடுமையான இன்னல். வன்முறை விலக்குக்கு விவாகரத்து தேவையில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மணவாழ்வு நீடிக்கும்போதே அந்த மனுவைப் போடலாம். கூட்டு மனுவுக்குள்ளதுபோல, இரண்டாண்டின் கடைசி 90 நாளுக்குள் தர வேண்டும் என்ற காலக் கட்டும் விலக்கு மனுக்களுக்கு இல்லை. இரண்டாண்டின் தொடக்கத்திலும் போடலாம், நாள் கடந்தும் போடலாம். இத்தனை விலக்குகள் வேண்டியிருக்கின்றன என்பதே, கூட்டுக் கையெழுத்தை விதியாகவும் தனி மனுவை விலக்காகவும் வைத்த அமைப்பின் கோளாறைக் காட்டுகிறது. எல்லோரும் தனித்தே மனுத் தரலாம், துணைவரின் ஒப்பம் சான்றுகளில் ஒன்று என்று விதி இருந்திருந்தால், மோசடியைக் கண்டுபிடிக்கும் ஆற்றல் குறைந்திருக்காது. மிரட்டும் கருவி மட்டும் இல்லாமல் போயிருக்கும்.

மற்ற நாடுகளும் இதே பாதையில் நடந்து பார்த்தவை. பிரிட்டனில் துணைவருக்கு முன்பு ஓராண்டுச் சோதனைக் காலம் இருந்தது. 2003இல் அது இரண்டாண்டானது. 2012 ஜூலையில் ஐந்தாண்டானது. அங்கே ஆசியப் பெண்களுக்காக இயங்கும் சவுத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பு பல்லாண்டு போராடியதன் பயனாக, வன்முறைக்கு ஆளானவர் தனித்துத் தங்கும் சலுகை 1999இல் வந்தது. ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் கதை வேறு. 2012 அக்டோபரில், புதிதாக மணந்து வருகிறவர் ஸ்பான்சரோடு இரண்டாண்டு சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனையை அந்நாடு கொண்டுவந்தது. வன்முறைக்கு விலக்கு இருந்தும், அதை அறியாத பெண்கள் வீட்டை விட்டு வெளியேற அஞ்சுகிறார்கள் என்ற குரல் வலுத்ததால், 2017 ஏப்ரலில் நிபந்தனையையே எடுத்துவிட்டது.

நிபந்தனை நீக்கும் மனு ஐ-751 படிவத்தில் தரப்படுகிறது. கூட்டு மனுவானால் இரண்டாம் ஆண்டு நிறைவுக்கு முந்தைய 90 நாளுக்குள் அனுப்ப வேண்டும். முன்சொன்ன எடுத்துக்காட்டில், 2024 ஆகஸ்ட் 20 அன்று வந்தவருக்கு 2026 மே 22 முதல் ஆகஸ்ட் 20 வரை. முன்கூட்டி அனுப்பினால் திரும்பி வரும்; தாமதித்தால் தக்க காரணத்தை எழுத்தில் விளக்க வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் கட்டணம் 750 டாலர். தாயோ தந்தையோ வசிப்புரிமை பெற்ற நாளிலோ அதிலிருந்து 90 நாளுக்குள்ளோ நிபந்தனை நிலை பெற்ற பிள்ளைகளை அதே மனுவில் சேர்த்துவிடலாம்.

கையெழுத்தைவிடக் கடினமானது சான்று திரட்டுவது. இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுப் பத்திரம், கூட்டு வங்கிக் கணக்கில் மாதம்தோறும் நடந்த வரவு செலவு, தம்பதியாகச் சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரி, ஒருவரது காப்பீட்டில் மற்றவர் பெயர், பிள்ளை பிறந்திருந்தால் பிறப்புச் சான்றிதழ், தம்பதியை நன்கறிந்த இருவரின் உறுதிமொழிகள் ஆகியவை வழக்கமானவை. தமிழ்க் குடும்பங்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. கல்யாண ஆல்பம் கனமாக இருக்கும். ஆயிரம் பேர் வந்த மண்டபப் படங்கள் இருக்கும். அவை திருமணம் நடந்ததைக் காட்டுமே தவிர, அதன் பிறகான இரண்டாண்டு வாழ்வைக் காட்டா. மாமனார் வீட்டில் கூட்டாகக் குடியிருக்கும் மருமகளின் பெயரில் வாடகை ஒப்பந்தமும் இருக்காது, மின்கட்டண ரசீதும் இருக்காது. சம்பளம் கணவரின் பழைய கணக்கிலேயே வரும். வங்கி ஏட்டில் இடம்பெறாத நகையாகத்தான் பெண்ணின் சொத்து இருக்கும். இந்த வாழ்க்கையில் போலி எதுவும் இல்லை, காகிதம்தான் இல்லை. ஆகவே அட்டை கிடைத்த முதல் மாதத்திலிருந்தே கணக்கிலும் காப்பீட்டிலும் மனைவியின் பெயரைச் சேர்ப்பது அவசியம். கூட்டுக் குடும்பத்தில் வாழ்பவர்கள் வீட்டு உரிமையாளரான மாமனாரிடமிருந்தே, இருவரும் அங்கே வசிப்பதாக உறுதிமொழிக் கடிதம் பெற்றுச் சேர்க்கலாம். அந்த முகவரிக்கு வந்த தபால்களும் உதவும். பெற்றோர் பார்த்து முடித்த, முன்பழக்கம் குறைந்த திருமணம் என்பதற்காக யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

மனு சேர்ந்ததும் வரும் ரசீதுக் கடிதம் காலாவதியான அட்டைக்கு உயிர் கொடுக்கிறது. 90 நாளுக்குள் நேர்காணல், அதன்பின் 90 நாளுக்குள் முடிவு என்று சட்டம் எழுதியிருக்கிறது. நடப்பு அதற்கு நெடுந்தொலைவில் இருக்கிறது. ரசீது தரும் நீட்டிப்பு முன்பு ஓராண்டாக இருந்தது. 2018இல் 18 மாதமாகவும், 2021இல் 24 மாதமாகவும், 2023 ஜனவரியில் 48 மாதமாகவும் வளர்ந்தது. இரண்டாண்டு நிபந்தனை ஆறாண்டுவரை இழுபடலாம் என்பதைத் துறையே ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ள வேண்டும். கொடுமைக்கு ஆளானவரின் காத்திருப்பும் இதனால் நீள்கிறது என்பது வருந்தத்தக்கது. இந்த இடைக்காலத்தில் அட்டையும் ரசீதும் சேர்ந்தே வேலைக்கும் பயணத்துக்கும் ஆவணமாகும்.

சான்று போதுமானால் நேர்காணலின்றியே ஒப்புதல் வருவதுண்டு. அழைத்தால், சில நேரம் தம்பதியைத் தனித்தனியே வைத்து ஒரே கேள்விகளைக் கேட்டு விடைகளை ஒப்பிடுவார்கள். நியூயார்க்கில் இது ஸ்டோக்ஸ் நேர்காணல் என்று பெயர் பெற்றது. விண்ணப்பதாரரின் உரிமைகளைக் காக்க 1976இல் ஏற்பட்ட ஒரு நீதிமன்ற உடன்பாட்டின் பெயர் அது. ஒருபாலினத் தம்பதியருக்கும் இதே நடைமுறைதான். 2013இல் விண்ட்சர் தீர்ப்பு வந்த பின் கூட்டாட்சிக் குடியேற்றச் சட்டம் அவர்களது திருமணத்தை ஏற்கிறது.

பிரிந்து வாழ்தல் மட்டுமே மனுவை நிராகரிக்கக் காரணமாகாது. விவாகரத்து ஆகாதவரை இருவரும் இசைந்தால் கூட்டு மனுத் தரலாம். மனு நிலுவையில் இருக்கும்போது விவாகரத்தானால் அதையே விலக்கு மனுவாக மாற்றக் கேட்கலாம். விவாகரத்து விலக்குக்கு இறுதித் தீர்ப்பின் நகல் வேண்டும். இந்தியக் குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தால் இந்த வழியும் இழுக்கும். அமெரிக்க மாநில நீதிமன்றத்தின் தீர்ப்பு குடியேற்றத் துறைக்குப் போதும். ஆனால் அதே தீர்ப்பு இந்தியாவில் செல்லாமல் போகலாம். மிசூரி நீதிமன்றம் வழங்கிய விவாகரத்தை ஏற்க முடியாது என்று 1991இல் நரசிம்ம ராவ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் கூறியது. இந்து திருமணச் சட்டம் ஏற்காத காரணத்தின் பேரில், அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குக் கட்டுப்படாத மனைவிக்கு எதிராகப் பெற்ற தீர்ப்பு அது. எனவே வசிப்புரிமையைக் காத்துக்கொண்ட ஒருவர் ஊரில் மறுமணம் செய்ய நினைத்தால், இன்னும் மணமானவராகவே கருதப்படும் நிலை வரலாம். இரு நாட்டுச் சட்டத்தையும் ஒருசேரப் பார்க்க வேண்டிய இடம் இது.

விவாகரத்தோடு முடியாத ஒரு கடமையும் உண்டு. துணைவரை அழைக்கும்போது ஸ்பான்சர் கையெழுத்திட்ட ஐ-864 பராமரிப்பு உறுதிமொழி, வறுமை வரம்பின் 125 விழுக்காடு அளவில் தாங்குவதாகச் சொல்லும் ஒப்பந்தம். வந்தவர் குடியுரிமை பெறும்வரையோ, 40 காலாண்டு உழைப்பு அவர் கணக்கில் சேரும்வரையோ, நாட்டை நிரந்தரமாக விட்டுச் செல்லும்வரையோ, இருவரில் ஒருவர் இறக்கும்வரையோ அது உயிரோடிருக்கும். கைவிடப்பட்ட மனைவி அதை நீதிமன்றத்தில் நிலைநாட்டலாம். பலருக்கு இது தெரியாமலிருப்பது பெரும் இழப்பு.

மனு நிராகரிக்கப்பட்டால் துறைக்குள் மேல்முறையீடு இல்லை. வழக்கு குடியேற்ற நீதிபதியிடம் போகிறது. அவர் எல்லாவற்றையும் புதிதாகப் பார்ப்பார். கூட்டு மனுவில் சொன்னவை பொய் என்று காட்டும் பொறுப்பு அங்கே அரசினுடையது. விலக்கு மனுவில் சுமை மனுதாரர் மீது இருக்கும். இறுதி ஆணை வரும்வரை அவர் வசிப்பாளராகவே இருப்பார். திருமணம் போலி என்ற முடிவு வேறு தரம். அதற்குப் பிறகு அவருக்காக எந்தக் குடியேற்ற மனுவும் ஏற்கப்படாது. இந்தத் தடைக்கு மன்னிப்பே கிடையாது. அறிந்து மோசடியாக மணந்தவருக்கு ஐந்தாண்டுவரை சிறையும் இரண்டரை இலட்சம் டாலர்வரை அபராதமும் உண்டு. துணைவருக்கான மனுவுக்குத் தந்த ஒப்புதலை, மணம் போலி என்று கருதித் துறை பின்னர் திரும்பப் பெற்றால், அந்த முடிவை நீதிமன்றங்கள் மறுபரிசீலனை செய்ய முடியாது என்று 2024 டிசம்பரில் பூவார்ஃபா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நிபந்தனை நீங்கியதும் பத்தாண்டு அட்டை வரும். அதில் வசிப்புத் தொடங்கிய நாளாக முதல் அட்டையின் தேதியே இருக்கும். குடிமகனோடு மணவாழ்வில் சேர்ந்திருப்பவர் அந்த நாளிலிருந்து மூன்றாண்டில் குடியுரிமை பெறத் தகுதியாகிறார். விண்ணப்பத்தை 90 நாள் முன்னதாகவே தரலாம். ஐ-751 நிலுவையில் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். இரண்டையும் ஒரே நேர்காணலில் முடிப்பதும் உண்டு, ஆனால் நிபந்தனை நீங்காமல் குடியுரிமை வழங்கப்படாது. விவாகரத்தானவருக்கு இந்த மூன்றாண்டு வழி அடைந்து, பொது விதியான ஐந்தாண்டு பொருந்தும். வன்முறைக்கு ஆளாகி அந்த விலக்கின் வழியே நிபந்தனையை நீக்கிக்கொண்டவருக்கு மட்டும், 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, துணைவரை விட்டு விலகி வாழ்ந்தாலும் மூன்றாண்டுக் கணக்கே நிற்கிறது.